கதவு திரும்புகிற இடம்

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று தெரியவில்லை கண்ணு. பயமாகத்தான் இருக்கிறது. என்னை ஆறாவதோடு நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கோவையாகச் சொல்ல வராது. ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று ஞாபகம் வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போய்விடுவேன். நான் தப்பாகச் சொல்லி, கேட்கிற நீ என் வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று நினைத்துவிட்டால் அந்தப் பாவம் எனக்குத்தான். அவர் கெட்டவர் இல்லை. அதை முதலில் மனதில் வைத்துக்கொள். குடி கிடையாது, சீட்டு கிடையாது, என்மேல் ஒருநாள் கை நீட்டியது கிடையாது. நீதானே கேட்டாய், ஓசூர் வரைக்கும் தனியாகவா போகிறீர்கள், ஐயா வரவில்லையா என்று. அவரால் வரமுடியாது. ஏன் வரமுடியாது என்று சொல்வதானால் முதலிலிருந்து வரவேண்டும். பஸ் சேலம் போவதற்குள் முடித்துவிடுவேன்.

அவர் பெயரை நான் சொல்வதில்லை. எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு மலை இருக்கிறதே, சிவராத்திரிக்குக் கூட்டம் கூட்டமாக ஏறுவார்களே, அந்த மலைதான் அவர் பெயர். மில்லில் டைம் ஆபீஸில் இருந்தார். மில்லை மூடிய அன்று எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். இவர் கையில் ஒரு மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். முதலாளி வீட்டுக் கார்களைப் பார்ப்பதற்கு மில்லுக்குள்ளேயே ஒரு கொட்டகை இருந்ததாம். அங்கே கிடந்ததாம். பிளக் டெஸ்டர் என்று பெயர். காரில் பிளக் என்று ஒன்று இருக்கிறது, விரல் நீளம்தான் இருக்கும், அதில் பொறி வந்தால்தான் வண்டி ஓடும். அது நல்லதா கெட்டதா என்று இந்த மிஷினில் சொருகிப் பார்ப்பார்கள். ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே நீலமாகச் சடசடவென்று பொறி அடிக்கும்.

"சாந்தா, இங்க வா, பாரு பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் பிடித்தது. வேலை போன மனுஷன் சிரிக்கிறாரே என்று இருந்தது.

அங்கே அவரைப் பிடித்துக்கொண்டதுதான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உக்கடம் பழைய இரும்புக் கடைகள். பழைய கார்களை உடைத்துப் போடுவார்கள் இல்லையா, ஹில்மேன், மோரிஸ், ஹெரால்டு என்று நம் பாட்டன் காலத்து வண்டிகள், அதிலிருந்து ஒவ்வொன்றாக வரும். விளக்கு, டைனமோ, மீட்டர், ஹாரன், பம்பர். அப்புறம் கார்களைச் சோதிக்கிற கருவிகள். ஆசிட் பார்க்கிற கண்ணாடிக் குழாய், காற்றுப் பார்க்கிற மானி, உறுமுகிற ஒரு இரும்பு, அதற்குப் பெயரே உறுமி என்று நான் வைத்திருக்கிறேன். மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பார், பித்தளைக்குப் பாலிஷ் போடுவார், துடைத்துவிட்டுக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி ஒரு இடத்தில் வைப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் எங்களுக்குக் கார் கிடையாது. அவருக்கு ஓட்டத் தெரியாது. கார் என்றாலே அவருக்கு வாந்தி வரும். எங்கள் மகள் சுகந்தி கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய காரில் ஏறி, மண்டபம் போவதற்குள் பட்டுவேட்டியெல்லாம் நாறிப்போய், சம்பந்தி முன்னால் ஈர வேட்டியோடு இறங்கினார். டவுன் பஸ்ஸில்கூட நின்றுகொண்டுதான் வருவார்.

வீடு எங்களுடையதுதான். சிங்காநல்லூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. முன்னால் வாசல், அதற்குப் பின்னால் ஒரு கூடம், அப்புறம் ரூம், சமையற்கட்டு, ஒரு நடை, கடைசியில் குளியலறை. ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. அதற்கு முன்னால் ஒரு நாள் ரேடியேட்டர்களை அடுக்கினார். "பின்னால என்ன இருக்குது, சாக்கடைதானே" என்றார். சாக்கடைதான். நானும் சரி என்றேன். நடையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் சமையற்கட்டுக்குள் ஒதுங்கவேண்டும். சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டு நான் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடப்பேன். மெட்ராஸிலிருந்து பழைய கார் வைத்திருக்கிறவர்கள் வருவார்கள். "வெள்ளிங்கிரி சார், இது வீடில்ல, மியூசியம்" என்பார்கள். உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே டீ குடிப்பார்கள். "அம்மா குடுத்து வெச்சவங்க" என்று என்னைப் பார்த்துச் சொல்வார்கள். டீயை அவ்வளவு வேகமாகக் குடிக்கிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நீ கேட்பாய், ஓசூரில் மகள் வீட்டுக்கே போய்விடலாமே என்று. சுகந்தியும் அதைத்தான் கேட்டாள். போனேனே. அவள் பிரசவத்துக்குப் போயிருந்தேன். பிள்ளைக்குப் பேர் வைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், கட்டிலில் என் பக்கத்தில் டைனமோக்கள் படுத்திருந்தன. என் துண்டையே போர்த்திவிட்டிருந்தார்.

"ஏனுங், இதென்னங்க?"

"தரையில ஈரம் ஏறுது சாந்தா. நீ இல்லாதப்ப சும்மாத்தானே கெடந்துச்சு."

"இப்ப வந்துட்டனே."

"எடுத்துடறேன், எடுத்துடறேன். ஒரு எடம் கெடைக்கட்டும்."

இடம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கிரைண்டர் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். அன்றைக்கே புரிந்துவிட்டது கண்ணு, அந்த வீட்டில் நான் நிற்கிற இடம் மட்டும்தான் எனக்கு இருக்கிறது. எழுந்து போனால் போயிற்று. பெரியாஸ்பத்திரிக்குப் போனால்கூட மத்தியானத்துக்குள் ஓடி வந்துவிடுவேன். அடுத்த தெருவில் ஒரு கல்யாணத்துக்கு இரவு தங்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கும்போது என் பாய் போட்ட இடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இருக்கவும் பயம். எனக்கு இழுப்பு உண்டு. பனிக்காலத்தில் நெஞ்சுக்குள் பூனை கத்தும். ஏதாவது சரிந்து விழுந்தால், சிலிண்டர் பற்றிக்கொண்டால், வெளியே ஓட எனக்கு ஒரு வழியாவது வேண்டாமா? அதுதான் எனக்கு எப்போதும் யோசனை. வேறொன்றும் கேட்கவில்லை நான். நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. ஓடுகிற வழி.

இனிமேல்தான் விஷயமே. போன ஆயுத பூஜை.

மற்ற வீடுகளில் ஆயுத பூஜை என்றால் அரிவாள்மணை, கத்தரிக்கோல், தையல் மிஷின் என்று பொட்டு வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் நான் ஒரு டம்ளர் நிறைய சந்தனம் கரைக்கவேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும், ஒவ்வொரு மீட்டருக்கும், ஒவ்வொரு குழாய்க்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். கூடம் முடிந்து நடைக்கு வரும்போது என் விரல் நுனி ஊறிச் சுருங்கிவிடும். அவருக்கு எட்டாத சந்து பொந்தெல்லாம் எனக்கு எட்டும், அதனால் நான்தான் வைக்கவேண்டும். பூஜை போட்ட சாமானை அன்றைக்குத் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் எடுக்கவேண்டும். இது உனக்குத் தெரிந்ததுதான், பட்டறைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான்.

பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு, பொரிப் பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டு அவர் உக்கடம் போனார். அன்றைக்கு எல்லாக் கடையிலும் பூஜை, இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கைகால் கழுவக் குளியலறைக்குப் போனேன். நடையில் ஹெட்லைட் டெஸ்டர் நிற்கிறது. ஆள் உயரக் கம்பம், அடியில் சக்கரம், நடுவில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் சாப்பாட்டுத் தட்டு அளவு லென்ஸ். காரின் முன்விளக்கு நேராக அடிக்கிறதா என்று அதில் பார்ப்பார்களாம். சீமையிலிருந்து வந்தது, அவருக்கு அதுதான் உயிர். அதன் பக்கத்தில் பம்பர்களைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். நான் உள்ளே போய்த் தகரக் கதவைச் சாத்தினேன். சடசடவென்று ஒரு சத்தம். திறக்கப் பார்க்கிறேன், கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு, அசையவில்லை. இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தால், பம்பர்கள் சரிந்து டெஸ்டரைத் தள்ளி, அது கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. என் சந்தனப் பொட்டு அதன் நெற்றியில்.

அங்கே ஒரு வெண்டிலேட்டர் உண்டு. வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, "பிலோமிக்கா! பிலோமிக்கா!" என்று கத்தினேன். பக்கத்து வீடு. பெயர் பிலோமினா, ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்வாசல் திறந்துதான் இருந்தது, வந்துவிட்டார். வரும்போதே திட்டிக்கொண்டு வந்தார், இடுப்பில் என்னென்னமோ இடித்ததாம்.

"சாந்தாமணி, ஒதுங்கி நில்லு. ஒரு எத்து எத்தறேன், இந்தக் கம்பம் அந்தப் பக்கம் போயிரும்."

"ஐயோ வேண்டாங்க்கா! லென்ஸ் இருக்குது!"

"லென்ஸ் இருந்தா?"

"ஒடைஞ்சு போயிருங்க்கா. இப்ப எங்கயும் கெடைக்காதாமாங்க்கா."

"சரி, ஒடைக்காம மெதுவாத் தள்றேன்."

"தொடாதீங்க்கா. பூஜை போட்டது. நாளைக்குச் சூடம் காட்டித்தான் நகத்தோணும்."

அப்புறம் பிலோமிக்கா, "ஏன்டி, உள்ள நீ செத்துக்கித்துப் போனீன்னா பொட்டு யாருக்கு வெக்கறது?" என்றார்.

"அவரு வந்துருவாருங்க்கா."

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குது. அவனுக்கு இரும்புக் கிறுக்கு, உனக்கு அவன் கிறுக்கு."

கிறுக்கு என்ன கிறுக்கு? முறை என்று ஒன்று இருக்கிறது இல்லையா? பிலோமிக்கா வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், அவருக்குத் தெரியாது. நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பித்ததும் அவரே சமையற்கட்டிலிருந்து என் இன்ஹேலரைத் தேடி எடுத்து, சுற்றிக்கொண்டு போய், வெண்டிலேட்டர் வழியாகக் குச்சியில் கட்டி நீட்டினார். அப்படியே ஒரு பொட்டலம் பொரியும். வாளிமேல் உட்கார்ந்து பொரி தின்றேன். அழுகை வந்தது. அழுதால் இழுப்பு கூடும் என்று நிறுத்திக்கொண்டேன். எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். இப்போது வெளியே தீப்பிடித்தால் நான் இங்கேயே.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வந்தார். பிலோமிக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார் போல, ஓடி வருகிற சத்தம் கேட்டது. நடைக்கு வந்ததும், "ஐயோ" என்றார். அப்புறம், "லென்ஸுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் ஆகலீங்க" என்றேன் உள்ளேயிருந்து. "நான் யாரையும் தொட விடல."

"நல்ல வேலை பண்ணுன சாந்தா. வேற ஒருத்தியா இருந்தா தள்ளியிருப்பா."

அவர் அப்படிச் சொன்னபோது, உனக்குச் சிரிப்பாக இருக்கும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நகர்த்தப் போனார். நான்தான், "ஏனுங், சூடம் காட்டிட்டு நகத்துங்க" என்றேன். அவரும் போய்த் தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றி, மணி அடித்து, அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தள்ளினார். கதவு திறந்தது. பிலோமிக்கா பின்னால் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். முன்வாசல் வரைக்கும் விடவே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கெட்டவர் இல்லை.

"நாளைக்கே இதுக்கு ஒரு ஏற்பாடு பண்றேன்" என்றார்.

செய்தார். மறுநாள் குளியலறைக்குள் ஒரு ஹாரன் மாட்டினார். ஏதோ பழைய வண்டி ஹாரன், நத்தை மாதிரி சுருண்டிருக்கும். பேட்டரி வைத்து, ஒரு பொத்தான் வைத்து, "மாட்டிக்கிட்டீன்னா இதை அமுக்கு, தெருவே வரும்" என்றார். அமுக்கிப் பார்த்தேன். தெருவே வந்தது. பேட்டரி வைக்கிறதற்காக என் சோப்பு வைக்கிற மாடம் போயிற்று.

அப்புறம்தான் நான் ஆறுச்சாமி ஆசாரியைக் கூப்பிட்டேன். தச்சு வேலைக்காரர், எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறார்.

"என்னங்கம்மா, கதவு போடோணுமா?"

"எடுக்கோணும்."

"எடுக்கறதா?"

"குளியலறைக் கதவு, சமையக்கட்டுக் கதவு, ரூம் கதவு. எல்லாத்தயும்."

"கதவு வெக்கக் கூப்புட்டுத்தானுங்கம்மா பழக்கம். எடுக்கக் கூப்புட்டது நீங்கதான் மொதோ ஆளு."

எடுத்தார். கதவுகளைக் கூலிக்குப் பதில் அவரே கொண்டு போனார். குளியலறைக்கு என் பழைய சேலையைத் திரையாகக் கட்டினேன். என் வீட்டுக்காரர் கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபம் என்ன, சந்தோஷப்பட்டார். கதவு என்றால் திரும்புவதற்கு ஓர் இடம் வேண்டும் அல்லவா? ஒரு கால்வட்டம். அந்த இடத்தில் எதையும் வைக்கமுடியாது. இப்போது கதவே இல்லை. மூன்று இடமும் காலி. ஒரே வாரத்தில் மூன்றும் நிறைந்தன. "ஒனக்கு நல்ல ரோசனை சாந்தா" என்று மெட்ராஸ்காரர்களிடம்கூடச் சொன்னார். திரை பின்னால் நின்று குளிக்கும்போது முழங்கை ஒரு கியர்பாக்ஸில் இடிக்கும்.

மிச்சம் இருந்தது முன்கதவு ஒன்றுதான். அதற்கு இரண்டு பக்கமும் உள்ளே அடுக்கிக்கொண்டே வந்தார். அது உள்பக்கம் திறக்கிற கதவு. ஒன்று சரிந்தாலும் போதும், உள்ளே இருக்கிறவள் உள்ளேதான். கிரைண்டர் பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். எதிரிலிருந்து அதுவும் என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் உக்கடம் போனதும் ஆசாரியைக் கூப்பிட்டு அதையும் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

ஆசாரி மாட்டேன் என்றார். "தலவாசக் கதவுங்கம்மா. லச்சுமி."

"லச்சுமி நெலையிலதானே இருக்கறா. நெலை இருக்கட்டும். கதவை எடுங்க."

நெலை என்றால் கதவின் சட்டம். மஞ்சள் பூசிக் கும்பிடுகிறது அதைத்தானே, கதவை இல்லையே. நான் சொன்னது சரிதானே?

மத்தியானம் அவர் ஒரு குட்டியானை வண்டியோடு வந்தார். வண்டிமேல் ஒரு இரும்பு மேஜை. டைனமோக்களை ஓட்டிப் பார்க்கிற மேஜையாம், முன்னால் முழுக்க மீட்டர்கள். தூக்குகிறவர்கள் நான்கு பேர் முக்கிக்கொண்டு இறக்கினார்கள். கதவு இல்லையா, நேராக உள்ளே வந்தது. கதவு திரும்புகிற இடத்தில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. "இதுக்குத்தான் எடமில்லாம முழிச்சிட்டு வந்தேன்!" என்று அவர் முகம் பூரித்துவிட்டது. மேஜையைத் துடைத்தார், ஒவ்வொரு மீட்டரையும் தட்டிப் பார்த்தார், நான் கொடுத்த காப்பியைக் குடித்தார். அப்புறம்தான் வாசலைப் பார்த்தார்.

"சாந்தா, கதவெங்க?"

"ஆசாரி கொண்டு போயிட்டாருங்க."

"எதுக்கு?"

"எனக்குப் பயமா இருக்குதுங்க. மாட்டிக்குவேன்."

"அப்ப ராத்திரிக்கு? திருடன் வந்தா?"

"நம்ம வீட்டுல எடுத்துட்டுப் போக என்னங்க இருக்குது?"

நான் வெகுளியாகத்தான் சொன்னேன் கண்ணு. சத்தியமாக. நகை என்று இருந்ததை மகளுக்குப் போட்டாயிற்று, டிவி பழையது. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கன்னத்தில் அறைந்த மாதிரி நின்றார்.

அன்றிலிருந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்குப் போவதில்லை. சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடம்பு பரபரக்கிறது, உக்கடம் போகவேண்டும். "சாந்தா, நீ செத்த நேரம் உக்காரு" என்றார்.

"உக்காரறனுங்க. ஆனா எது ஒசத்தி, எது சாதாரணம்னு எனக்குத் தெரியாதே. எவனாவது வந்து எதையாவது தூக்கிட்டுப் போனான்னா, எது போச்சுன்னுகூட எனக்குச் சொல்லத் தெரியாதுங்களே."

உண்மைதானே? ஆறாவது படித்தவளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம் புதிதாக ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. என் பாயை விரித்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்தேன், பாய் அப்படியே இருந்தது. பிலோமிக்கா வீட்டில் ஒரு பகல் முழுக்க இருந்து பார்த்தேன், அப்போதும் பாய் இருந்தது. பிலோமிக்காதான், "ஏன்டி, மவ வீட்டுக்குப் போயி பேரனைப் பாத்துட்டு வாயேன்" என்றார். என் வீட்டுக்காரருக்குத் தானே ஒரு வாய்ச் சோறு கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பாவம், அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. முதுகு வலிக்கும். ஒரு தலையணை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

முந்தாநாள் அவர் ஒன்று சொன்னார். ஆட்களைக் கூப்பிட்டு அந்த மேஜையை ஓரடி நகர்த்திவிட்டு, புதுக் கதவு ஒன்று போட்டுவிடலாம் என்றார். கீல்கள் நிலையிலேயே இருக்கின்றன, மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகாது என்றார். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்குக் காலையில் பஸ்ஸுக்கு வருமுன் ஆசாரியை வரச் சொன்னேன். கதவுக்கு அளவெடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து என் வீட்டுக்காரரே எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். பிளக் டெஸ்டருக்கு எண்ணெய் விட உள்ளே போனார். அவர் அந்தப் பக்கம் போனதும், கீல்களைக் கழற்றச் சொன்னேன். திருகாணி ஓட்டைகளிலெல்லாம் மரத்தூளும் பசையும் குழைத்த மக்கு வைத்து அடைக்கச் சொன்னேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நிலையின் பச்சைப் பெயிண்டிலேயே கொஞ்சம் தடவச் சொன்னேன். ஆசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் செய்தார். கை வைத்துத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. கீல் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம்தான் விரலில் ஒட்டியிருந்த பெயிண்டை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.